மூச்சு விட்ட புல்லாங்குழல்

கதவு மூடிய சத்தம் கேட்கவே இல்லை. சோடாவைப் பயமுறுத்தியது அதுதான்.

உலகத்தில் எந்தக் கதவும் மூடும்போது 'டொக்' என்றாவது சொல்லும். பழைய கதவாக இருந்தால் முனகும். இது ரப்பரும் பஞ்சும் வைத்து அடைத்த பாட்டுப் பதிவு ஸ்டுடியோக் கதவு. வந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்து ஏ.சி. நின்றது. அடுத்து விளக்கு அணைந்தது. மேசை மேலிருந்த கம்ப்யூட்டர் திரை மட்டும் அணையாமல் நீல வெளிச்சம் காட்ட, மேசைக்கு அடியிலிருந்து யூ.பி.எஸ். பெட்டி 'கீக்... கீக்...' என்று அழ ஆரம்பித்தது.

"கரண்ட் போயிடுச்சு, அண்ணி."

"போகலை. நிறுத்தியிருக்காங்க."

சோடா ஒரே தாவலில் கதவிடம் போனான். தள்ளினான், இழுத்தான், தோளால் இடித்தான். கதவு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. உள்பக்கம் வெறும் பிடிதான். தாழ்ப்பாள் வெளியே. ஒருமுறை திருட்டுப் போன பிறகு போட்ட இரும்புத் தாழ்ப்பாள் என்று, உள்ளே அழைத்து வரும்போது இந்த ஸ்டுடியோவின் மெட்டுக்காரர்தான் பெருமையாகக் காட்டியிருந்தார்.

"டீ சொல்லிட்டு வந்துடறேன்னுதானே அண்ணி போனாரு?"

"டீயும் வராது. அவரும் வரமாட்டார். செல்லைப் பாரு."

பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை. சத்தம் வெளியே போகக் கூடாது என்று இந்த அறைக்குச் சுவருக்குள் சுவர் வைத்து, நடுவில் தகடும் அடித்திருந்தார்கள். சத்தத்தோடு சேர்த்து சிக்னலையும் அது விரட்டிவிட்டிருந்தது. ஜன்னல் என்று பேச்சுக்குக்கூட ஒன்று கிடையாது.

சோடா என்பது அவன் கண்ணாடியைப் பார்த்து ஊர் வைத்த பெயர். சோடா பாட்டிலின் அடியை அறுத்து ஒட்டியது போன்ற கண்ணாடி. துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்தது அவனுடைய அண்ணன். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, "போர்டைக் கழட்டிடலாமா அண்ணி?" என்று கேட்கப் போனவன் கையில் ஒரு துணியைக் கொடுத்து, "துடைச்சுட்டு நேரா மாட்டு" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து அவள் துப்பறிகிறாள், இவன் கூடவே போய் வாயடிக்கிறான். எதற்கும் பயப்படாதவன் என்று வெளியே பேர். பூட்டிய அறை என்றால் இவனுக்கு உயிரே போய்விடும் என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும். லிஃப்டில்கூட ஏறமாட்டான். இந்தக் கட்டடத்துக்கும் படியேறித்தான் வந்தார்கள். பயம் கூடக் கூட இவன் வாய் நிற்காது.

"அண்ணி, இந்த ரூம்ல காத்து எவ்வளவு நேரம் வரும்? சும்மா பொது அறிவுக்குத்தான் கேக்கறேன்."

"நீ பேசாம இருந்தா சாயங்காலம் வரைக்கும் வரும்."

"அப்ப மத்தியானத்தோட தீர்ந்துடும்."

"காத்து தீராதுடா தம்பி. கதவிடுக்குல கொஞ்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும். நேரம்தான் தீரும். மத்தியானம் கோர்ட்டு இருக்கு, மறந்துட்டியா?"

மறப்பானா? அந்த நினைப்பில்தானே ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சின்னவள் அவன் மனைவியின் தங்கை. இதே ஸ்டுடியோவில், இதே நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவள். ஸ்டுடியோ முதலாளியை அவருடைய வீட்டு மாடியில் யாரோ மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதற்கு முன்தினம் ஸ்டுடியோ நடையில் சின்னவள் முதலாளியிடம் தொண்டை கிழியக் கத்தியதை இந்த மாடி முழுக்கக் கேட்டிருந்தது. "என் உழைப்பையே கொன்னுட்டீங்க, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டாளாம். போதாதா? போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இன்று ஜாமீன் கிடைக்காவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் உள்ளேதான் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். சோடாவின் மனைவி அடுப்பையே பற்ற வைக்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

சந்தேகப்பட இன்னொரு ஆளும் இருந்தார். மெட்டுக்காரர். முதலாளியின் கூட்டாளி. விளம்பரங்களுக்கும் குழந்தைகள் படங்களுக்கும் மெட்டுப் போடுகிறவர். ஆனால் அவரிடம் அசைக்க முடியாத ஒரு சாட்சி இருந்தது.

முதலாளி விழும்போது சுவர்க் கடிகாரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்து அது நின்றுபோனதில், எப்போது விழுந்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த நேரத்தில் மெட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு? முதலாளியின் மனைவியோடேதான்! அந்த அம்மாள் வெளியூரில் அம்மா வீட்டில் இருந்தாள். "ஸ்டுடியோவுல இருக்கேன்மா, புது மெட்டு ஒண்ணு, புல்லாங்குழல்ல வெச்சிருக்கேன், கேளுங்க" என்று போட்டுக் காட்டினார். "கொஞ்சம் மெதுவா இருந்தா நல்லாயிருக்குமே" என்றாள் அவள். உடனே மெதுவாக்கினார். "இன்னும் கொஞ்சம் இறக்குங்களேன்" என்றாள். இறக்கினார். அப்புறம் முழு மெட்டையும் ஓடவிட்டு, "கேட்டுக்கிட்டே இருங்க" என்றார். பதிவு செய்த பாட்டு என்றால் இப்படிச் சொன்னபடி ஆடுமா? ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவரால்தான் முடியும் என்று போலீஸ் முடிவு கட்டியது. முதலாளி வீடும் ஸ்டுடியோவும் ஒரே செல்போன் கோபுரத்தின் கீழ் வருவதால் கோபுரம் எதையும் பிரித்துச் சொல்லவில்லை. புல்லாங்குழல்தான் சாட்சி சொன்னது. அந்த அம்மாளின் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். அதன் நகல் ஒன்று இப்போது அண்ணியின் போனில் இருந்தது.

"தம்பி, இப்படி உட்காரு. யோசிப்போம். சாட்சி இருக்கிற மனுஷன் நம்மள எதுக்குப் பூட்டணும்?"

"என் மூஞ்சி பிடிக்கலையோ என்னவோ."

"வரும்போது நல்லாத்தானே பேசினார்? வாங்க மேடம், உட்காருங்க மேடம்னு. எப்ப மாறினார்?"

சோடா யோசித்தான். அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டிருந்தாள்: "அன்னிக்குப் போட்ட மெட்டை இங்கேயே ஒருதடவை போட்டுக் காட்டறீங்களா சார்?" அவரும் சந்தோஷமாகச் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். மெட்டு ஓடியது. இரண்டு வரிகூட முடியவில்லை, பட்டென்று நிறுத்தினார். டீ சாப்பிடுகிறீர்களா என்றார். போய்விட்டார்.

"மெட்டு ஆரம்பிச்சப்ப அவர் மூஞ்சியைப் பார்த்தியா? பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சொந்த மெட்டைக் கேட்டு எவனாவது பயப்படுவானா?"

"அவர் மெட்டை நான் கேட்டா பயப்படுவேன்."

"விளையாடாதே. நான் மூஞ்சியைத்தான் பார்த்தேன், காதைக் கொடுக்கலை. நீ கேட்டியா?"

"நான் வெளியே போற வழி எங்கேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன், அண்ணி."

'கீக்... கீக்...' என்றது யூ.பி.எஸ். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று இருவருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லது. அண்ணி தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முதல்ல அன்னிக்குப் பதிவானது. அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறது. ரெண்டையும் கேளு. உனக்குத்தான் வீட்டுலயே பாட்டுக்காரி இருக்காளே."

போனிலிருந்து மெட்டுக்காரரின் குரல் வந்தது. அப்புறம் புல்லாங்குழல். சன்னமாக, நேராக, குழாயில் தண்ணீர் வருவது போல வழவழவென்று வந்தது. அண்ணி அதை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரின் விசையைத் தட்டினாள். சுவரோரம் நின்ற, அதே யூ.பி.எஸ்.ஸில் ஓடும் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அதே மெட்டு கிளம்பியது. அதே சுரம், அதே வேகம். ஆனால் ஒவ்வொரு வரி தொடங்குவதற்கு முன்னும் 'ஹ்ஹ்' என்று ஒரு சின்ன இழுப்பு. இருட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது போல இருந்தது.

சோடா துள்ளி எழுந்தான். "அண்ணி! மூச்சு விடுது!"

"யாரு?"

"புல்லாங்குழல்! சின்னவ சொன்னா அண்ணி! ஜெயில்ல பார்க்கப் போனப்ப கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா. 'மாமா, புது வெர்ஷன்ல புல்லாங்குழல் மூச்சு விடுது மாமா, அதுக்குத்தான் மாமா நான் முதலாளிகிட்ட கத்தினேன்'னா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து, உன் தங்கச்சிக்குப் புத்தி கலங்கிடுச்சுடின்னு அழுதேன்."

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ. விஷயத்தைச் சொல்லு."

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சின்னவள் அளந்ததெல்லாம் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"இந்த ஃபைலுக்கு மிடின்னு பேரு. இதுக்குள்ள பாட்டே கிடையாது அண்ணி. எந்தக் கட்டையை எப்ப அழுத்தணும், எவ்வளவு அழுத்தணும், எப்ப கையை எடுக்கணும், என்ன வாத்தியம், அவ்வளவுதான் இருக்கும். அதனாலதான் மெதுவாக்குன்னா மெதுவாகும், இறக்குன்னா இறங்கும். வாசிக்கிறது இந்த சாஃப்ட்வேருக்குள்ள இருக்கற வாத்தியம். தையல்காரர்கிட்ட அளவு எழுதிக் குடுக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. அளவு அதேதான். கடையில ஆள் மாறினா சட்டை மாறிடும்ல?"

"வெர்ஷன் மாறினப்போ ஆள் மாறிட்டாங்க."

"ஆமா. இந்த சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்ல புல்லாங்குழல் வழவழன்னு இருந்துச்சு. புதுசுல நிஜ ஆள் ஊதற மாதிரி இருக்கணும்னு மூச்சு எல்லாம் சேர்த்துட்டாங்க. புல்லாங்குழல்ங்கற பேரு மட்டும் அப்படியே இருக்கு. சின்னவ வருஷக்கணக்கா செஞ்சு வெச்சிருந்ததெல்லாம் ஒரே நாள்ல வேற மாதிரி ஆயிடுச்சு. கத்தமாட்டாளா?"

அண்ணி வக்கீல் மாதிரி பேசினாள். "போன் வழியா வந்ததுல மூச்சு அமுங்கியிருக்கலாமே?"

"அவர் நடுவுல ஏதோ குடிச்சு உறிஞ்சறதுகூட அந்தப் பதிவுல கேக்குது. மூச்சு மட்டும் வெட்கப்பட்டு நின்னுடுமா?"

"சரி. இந்தக் கம்ப்யூட்டர்லயே பழைய வாத்தியத்தையும் வெச்சிருந்து, அன்னிக்கு அதைப் போட்டிருந்தா?"

சோடா திரைக்குள் முகத்தை விட்டுப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான். வாத்தியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. பழைய தொகுப்பு எங்கேயும் இல்லை. "இல்லை அண்ணி. இடம் அடைக்குதுன்னு முதலாளி மொத்தமா அழிச்சுட்டாரு. சண்டையே அதுக்குத்தானே! என் உழைப்பையே கொன்னுட்டீங்கன்னு அவ கத்தினது இதைத்தான்."

அவளை உள்ளே தள்ளிய சண்டையே அவளை வெளியே கொண்டுவரப் போகிறது.

"அப்ப அன்னிக்கு ஊதின புல்லாங்குழல் இந்த ரூம்ல இல்லை" என்றாள் அண்ணி. "பழைய வெர்ஷன் வேற எங்கே இருக்கு?"

"அவரோட பழைய லேப்டாப்ல. அதுலதான் மெட்டுப் போடுவாரு. பென் டிரைவ்ல கொண்டுவந்து சின்னவகிட்ட குடுத்துட்டுப் போயிடுவாரு. இந்த நாற்காலியில அவர் உட்காரறதே இல்லை. ஆனா அந்த லேப்டாப் செத்துப் போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரே."

"செத்த லேப்டாப் அன்னிக்குச் சாயங்காலம் பாடியிருக்கு. முதலாளி வீட்டு வாசல்ல, காருக்குள்ள வெச்சுப் பாடியிருக்கணும். 'கேட்டுக்கிட்டே இருங்க'ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டு வந்திருக்கார் மனுஷன். அந்தம்மா ரசிச்சுக் கேட்டுக்கிட்டிருந்திருக்காங்க, பாவம். அப்பதான் அவங்க புருஷன் செத்திருக்கார்."

அறைக்குள் புழுக்கம் ஏறியிருந்தது. சோடாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கோபம் வந்தது. கோபம் வந்ததால் பயம் கொஞ்சம் ஒதுங்கியது.

"வெர்ஷன் மாறினா என்னம்மா, சுரம் மாறுமான்னு இவர்தான் சின்னவளைக் கிண்டல் பண்ணுவாராம். சுரம் அதேதானேன்னு தைரியமா இருந்திருக்காரு. இன்னிக்கு உங்க முன்னாலதான் முதல்தடவையா இங்கே போட்டுக் கேட்டிருக்காரு."

"கேட்டதும் புரிஞ்சுடுச்சு. இப்ப அந்த லேப்டாப்பைத் தேடித்தான் போயிருக்கார். அது எங்கேயாவது ஆத்துல குளத்துல போயிடுச்சுன்னா நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு புல்லாங்குழல் மூச்சு விடுது, இன்னொண்ணு விடலைன்னு நான் கோர்ட்டுல போய் நின்னா, ஜட்ஜ் என்னை உட்காரச் சொல்லித் தண்ணி குடுப்பார்."

சோடா எழுந்து கத்தினான். "யாராவது இருக்கீங்களா! கதவைத் திறங்க!" சத்தம் வாயை விட்டு ஒரு முழம்கூடப் போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பாளங்கள் அப்படியே விழுங்கிக்கொண்டன. நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தான். நாற்காலியின் கால்தான் கழன்றது. காவல்காரரை மெட்டுக்காரர் சாப்பிட அனுப்பியதை வரும்போதே பார்த்தார்கள். மாடியில் வேறு ஈ காக்கை கிடையாது.

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சுவர்கள் ஆளுக்கு ஓர் அடி எடுத்து வைத்து நெருங்கி வருவது போல இருந்தது. வாய் மட்டும் அதுபாட்டுக்கு ஓடியது.

"நாம இங்கேயே கிடந்து காய்ஞ்சு போனா ஒருத்தருக்காவது சந்தோஷம் அண்ணி. கீழ்வீட்டுப் பல் டாக்டர். நிம்மதியாப் பல்லு பிடுங்குவாரு."

அண்ணி சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னே?"

"பல்லு..."

"படியேறும்போது அவர் நம்மளைப் பிடிச்சுக்கிட்டு என்ன கத்தினார்? அப்படியே சொல்லு."

சோடா கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றிருந்த அந்த மனிதர், இவர்களையும் பாட்டுக்காரர்கள் என்று நினைத்து எகிறியிருந்தார். "'மறுபடியும் வந்துட்டீங்களா? ஒரு வாரமாத்தான் நிம்மதியா இருக்கேன். பேச்சு கேக்காது, பாட்டு கேக்காது, அந்த திம் திம் மட்டும் தரை வழியா இறங்குது. என் கையில ஊசி ஆடுது. இன்னொருதடவை ஆடுச்சு, நேரா போலீஸ்தான்!'..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தட்டுத்தட்டாக விரிந்தன.

"அண்ணி, நீங்க தெய்வம்!"

"தெய்வம் அப்புறம். புல்லாங்குழலை மாத்து. எது ரொம்ப கீழே இடிக்குமோ அதைப் போடு."

விடுமுறை நாட்களில் சின்னவள் வீட்டில் செய்வதைப் பார்த்தவன்தான். பட்டியலைத் திறந்தான். புல்லாங்குழல் இருந்த இடத்தில் ஆள் உயர டிரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். சுரங்களை மொத்தமாகப் பிடித்து அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டான். யூ.பி.எஸ்.ஸின் அழுகை இப்போது நெருக்கமாகி, 'கீகீகீ' என்று மாரடிக்கத் தொடங்கியிருந்தது. மூலையில் தண்ணீர்த் தொட்டி அளவுக்குத் தரையில் உட்கார்ந்திருந்த பேஸ் ஸ்பீக்கரின் திருகை வலது கோடி வரைக்கும் திருப்பினான்.

"காதைப் பொத்திக்குங்க."

திம்!

சோடாவின் கண்ணாடி மூக்கில் துள்ளியது. திம், திம்திம், திம்! கொஞ்ச நேரம் முன்னால் தேனாக ஒழுகிய அதே மெட்டு இப்போது வீடு இடிக்கிற ஆட்களைப் போலத் தரையில் இறங்கியது. மேசையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது. நெஞ்சுக்குள் இருக்கிறதெல்லாம் இடம் மாறியது. "டாக்டரய்யா, கோபப்படுங்க! உங்க கோபத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது!" என்று சோடா தரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

மெட்டு ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுக்கு வந்தது. யூ.பி.எஸ். ஒரே நீளமாக ஊளையிட்டது. அப்புறம் திரை அணைந்தது, ஸ்பீக்கர் நின்றது, எல்லாம் நின்றுவிட்டது.

அப்படி ஒரு இருட்டைச் சோடா பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். செல்போனில் விளக்கு இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. யாரும் வரவில்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் காதில் கேட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகம் வந்தது. கம்பியைப் பிடித்திருந்த சின்னவளின் விரல்கள் வந்தன. இன்றைக்கு என்று பார்த்து டாக்டர் சாப்பிடப் போயிருந்தால்? அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது.

இருட்டில் அண்ணியின் கை துழாவி வந்து அவன் கையைப் பிடித்தது. "ஏதாவது சொல்லி சிரிக்க வைடா."

"வரமாட்டேங்குது அண்ணி."

அதைக் கேட்டதும்தான் அண்ணிக்கே பயம் வந்தது. அவள் பிடி இறுகியதில் அது அவனுக்குத் தெரிந்தது.

கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை. வெளிச்சம்தான் முதலில் வந்தது. படிக்கட்டு ஜன்னல் வழியாக நடைக்குள் விழுந்திருந்த பட்டப்பகல் வெளிச்சம். அதன் நடுவில், முகமூடி கழுத்தில் தொங்க, ரப்பர் உறை போட்ட கையோடு பல் டாக்டர் நின்றார். முகம் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் வாயில் பஞ்சோடு ஒரு நோயாளி, வேடிக்கை பார்க்கும் ஆசையில் வலியை மறந்து நின்றிருந்தார். டாக்டரின் வலது கைப்பிடியில் மெட்டுக்காரரின் மணிக்கட்டு. மெட்டுக்காரரின் தோளில் ஒட்டடை படிந்த ஒரு பை.

"சொன்னேனா இல்லையா?" என்று டாக்டர் அலறினார். "போலீஸுக்குப் போன் போட்டுட்டுத்தான் மேல வந்தேன்! வந்தா இந்த ஆளு அந்தப் பழைய சாமான் ரூம்லேருந்து பையும் கையுமா பதுங்கிப் பதுங்கி வர்றார். ஏன்யா இடிக்கிறேன்னு கேட்டா, நான் இல்லை, உள்ளே யாருமே இல்லைங்கறார். ஆள் இல்லாம சத்தம் எங்கேருந்துய்யா வரும்? என்னைப் பார்த்தா கேனயன் மாதிரி இருக்கா?"

அண்ணி புடவையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். நடையில் நின்று ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்தாள்.

"போலீஸும் அப்படித்தான் நெனச்சாங்க டாக்டர். சத்தம் வருது, அப்ப ஆள் இருக்கணும்னு. சார் அதை நம்பித்தான் இத்தனை நாள் நிம்மதியா இருந்தார்."

மெட்டுக்காரர் கையை உருவப் பார்த்தார். "விடுங்க சார்! கதவு தானா சிக்கிக்கிச்சு... மெயின் சுவிட்ச் விழுந்துடுச்சு..."

"கடைவாய்ப் பல்லையே விடாம பிடிச்சு இழுக்கறவன் நான். கையை விட்டுடுவேனா?" என்றார் டாக்டர்.

மாடி முழுக்க மின்சாரத்தை நிறுத்தியது மெட்டுக்காரரேதான். அந்த இருட்டில், பழைய ஒயர்களுக்கும் உடைந்த கீபோர்டுகளுக்கும் நடுவே தான் ஒளித்து வைத்ததைச் செல்போன் வெளிச்சத்தில் தேடி எடுப்பதற்குள் தாமதமாகிவிட்டது. சோடா அவர் தோளிலிருந்து பையை மரியாதையாகக் கழற்றினான். உள்ளே பழைய லேப்டாப். விசையை அழுத்தினான். செத்துப்போனது என்று எழுதிக் கொடுக்கப்பட்ட லேப்டாப் சமர்த்தாகக் கண் விழித்தது. அதே மெட்டு அதில் முதல் ஆளாக நின்றது. தட்டினான்.

புல்லாங்குழல் நடையெங்கும் வழிந்தது. சன்னமாக, நேராக, வழவழவென்று. வரிக்கு முன்னால் ஒரு இழுப்புகூட இல்லை. கேட்டவர்களில் பெரிதாக மூச்சு வாங்கியது மெட்டுக்காரர் ஒருவர்தான்.

"ஒரு சுரம்கூட மாறலையே..." என்று அவர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "ரெண்டுலயும் அதே சுரம்தானே..."

"சுரத்தை மட்டும்தான் கேட்டீங்க. வாசிக்கிறது யாருன்னு நீங்க எப்பவுமே பார்த்ததில்லை" என்றாள் அண்ணி. "சின்னவ திருத்திக் கொடுத்த மெட்டெல்லாம் உங்க பேர்ல போகுதுன்னு முதலாளி கண்டுபிடிச்சு, அவ பேரைப் போடணும்னு நின்னாராமே? முதலாளியம்மா நேத்துதான் சொன்னாங்க. அதுக்காகவா ஒரு மனுஷனைக் கொல்லுவீங்க?"

கீழே படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

அண்ணி வக்கீலை அழைத்தாள். சோடா ஜன்னல் ஓரமாகப் போய் மனைவியை அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க ஆச்சு?" என்று கேட்ட குரலில் ஒரு வாரத்து அழுகை இருந்தது.

"லேப்டாப் கிடைச்சுடுச்சு. ஆளும் கிடைச்சுட்டார். போலீஸே வந்து பார்த்துட்டாங்க. லேப்டாப்போட நேரா கோர்ட்டுக்குத்தான் போறோம்" என்றான். எதிர்ப்பக்கம் விசும்பல்தான் கேட்டது. "அடியே, அழாதே. முதல்ல அடுப்பைப் பத்த வை. உன் தங்கச்சி வருவா. வந்ததும் புல்லாங்குழல் கதையை ஆரம்பிப்பா. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாம கேப்பேன்னு அவகிட்ட சொல்லு."